நாலு நூல், பன்னிரண்டு மரை

நாணற்குறிச்சிக்காரர்களிடம் போய்க் கேட்டால் அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்றுதான் சொல்வார்கள், அதுவும் நீங்கள் எதைப் பற்றிக் கேட்க வந்தீர்கள் என்று வாயைத் திறக்கும் முன்பே சொல்வார்கள். ஆனாலும் அந்த வருஷம் ஐப்பசி முதல் செவ்வாய்க்கிழமை காலையில், மேலத்தெரு, கீழத்தெரு, ஆற்றுத்தெரு என்று இருந்த மூன்று தெருக்களிலும் வீட்டுக்கு ஒன்றாக இரும்பு போல்ட் வந்து கிடந்தது. ஒருத்தர் வீட்டில் அரிசிப் பானைக்குள் கிடந்தது, ஒருத்தர் வீட்டில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் விபூதித் தட்டில் கிடந்தது, டெய்லர் மைதீன் வீட்டில் தைத்து மடித்து வைத்திருந்த கல்யாணச் சட்டையின் பைக்குள்ளேயே கிடந்தது. சுண்டுவிரல் பருமன், நடுவிரல் நீளம், ஆறு பட்டைத் தலை, அவ்வளவுதான். துரு இல்லை, ஈரம் இல்லை, எண்ணெய் வாடைகூட இல்லை.

வேறொரு ஊராக இருந்தால் காலைக் காப்பிக்கு முன்பே தெருவுக்கு வந்து ஒருவருக்கொருவர் காட்டியிருப்பார்கள். நாணற்குறிச்சியில் இரண்டு தலை வைத்த கன்றுக்குட்டி பிறந்தாலும் முதல் வேலையாகக் கதவைச் சாத்திவிட்டு, இதை நம் வீட்டில் கொண்டுவந்து விட்டவன் யார் என்றுதான் யோசிப்பார்கள். அதிலும் இது போல்ட். ஒரு போல்ட் நம் வீட்டில் கிடக்கிறதென்றால் வேறெங்கோ ஒரு ஓட்டை காலியாக இருக்கிறது, அந்த ஓட்டைக்குச் சொந்தக்காரன் தேடிக்கொண்டு வருவான். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் புருஷன் பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டான், பெண்டாட்டி கொழுந்தனைச் சந்தேகப்பட்டாள், எல்லோரும் சேர்ந்து பக்கத்து வீட்டைச் சந்தேகப்பட்டார்கள், ஆனால் பக்கத்து வீட்டிலும் ஒன்று கிடக்கும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆற்றில் கொண்டுபோய் எறிந்தவர்கள் மறுநாள் காலையில் அதே பானையில் அதைக் கண்டார்கள், இப்போது கொஞ்சம் ஈரத்தோடு.

வீட்டில் இருந்த ஸ்பேனர்களைப் போட்டுப் பார்த்தார்கள். இருபத்திரண்டு போகவில்லை, இருபத்துநாலு வழுக்கியது. மோட்டார் பம்ப்பிலிருந்து கழற்றிய எம்.எம். நட்டுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று நுழையவே மாட்டேன் என்றது, இன்னொன்று விழுந்து ஓடியது. அப்புறம்தான் ஒவ்வொருவரும், ஒருவருக்கும் தெரியாமல், முந்தானையிலும் மடியிலும் செய்தித்தாளிலும் சுற்றி எடுத்துக்கொண்டு ஆவுடையின் கடைக்கு வரத் தொடங்கினார்கள்.

ஆவுடைக்கு நாற்பத்தாறு வயது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஆற்றுத்தெரு அறுபத்துநாலாம் நம்பர் வீட்டின் முன்பாதியில் போல்ட் நட்டுக் கடை வைத்திருந்தாள், பின்பாதியில் குடியிருந்தாள். கடை வாசலில் ஒரு பட்டறைக்கல், அதன் மேல் ஒரு சுத்தியல், பக்கத்தில் நம்பர் பஞ்ச் பெட்டி. யார் எந்த போல்ட்டை மாதிரிக்குக் கொண்டுவந்தாலும் அவள் முதலில் அதைக் கல்லில் நிறுத்தி, அதன் தலையில் வந்தவரின் கதவு எண்ணை, மூன்று தெருவுக்கும் சேர்த்து ஒரே வரிசையாகப் போட்ட எண்ணை, தட்டிப் பதித்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவாள், ஏனென்றால் மாதிரி சரக்கோடு கலந்தால் அப்புறம் சாமி வந்தாலும் பிரிக்க முடியாது. இருபது வருஷமாகக் கேட்ட சத்தம் என்பதால் அந்தத் தட்டு யார் காதிலும் விழுவதே இல்லை.

முதலில் வந்தவர் பஞ்சாயத்துத் தலைவர் குத்தாலிங்கம். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“ஆவுடை, இது நம்ம மச்சினன் வீட்ல கிடந்துச்சாம். சும்மா என்னன்னு கேட்டுட்டு வரச் சொன்னான்.”

“உங்களுக்குத்தான் மச்சினனே கிடையாதே அண்ணாச்சி.”

“தூரத்து மச்சினன்ம்மா.”

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான் என்று ஆவுடை நினைத்துக்கொண்டாள். டக் என்று ஒன்பது பதித்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்து, போல்ட்டின் திருகு வெட்டை அளக்கும் மரை கேஜை எடுத்தாள். அது சின்னச் சின்ன எஃகுத் தகடுகள் விசிறி மாதிரி விரியும் சாமான், ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் ஒவ்வொரு அளவில் பல். முதலில் எம்.எம். தகடுகளை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள், பல்லுக்கும் மரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அடுத்து அங்குலத் தகடுகள். பதினொன்று, உட்காரவில்லை. பதிமூன்று, இரண்டு பல் உட்கார்ந்து மூன்றாவது ஏறிக்கொண்டது. பன்னிரண்டை வைத்ததும் இடையில் ஒரு கீற்று வெளிச்சம்கூட இல்லாமல் மூடிக்கொண்டது. ஆவுடையின் கை அங்கேயே நின்றது.

“நாலு நூல், அதாவது அரை அங்குல போல்ட்டு அண்ணாச்சி. அங்குலத்துக்குப் பன்னிரண்டு மரை. அரை அங்குலம்னா ரெண்டு சாதி உண்டு, அமெரிக்காக்காரன் பதிமூணு வெட்டுவான், இங்கிலீஷ்காரன் பன்னிரண்டு வெட்டுவான். இது இங்கிலீஷ்காரன் மரை. மோட்டார்ல கிடையாது, டிராக்டர்ல கிடையாது. நம்ம ஊர்ல ஒரே ஒரு இடத்துலதான் இருந்துச்சு.”

எந்த இடம் என்று குத்தாலிங்கம் கேட்கவில்லை. போல்ட்டைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டு, வெயில் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது.

அந்த ஒரே இடம் ஆற்றின் மேல் இருந்த இரும்பு நடைபாலம். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி வெள்ளத்தில் பலகை தாங்கிய குறுக்குச் சட்டம் ஒன்று கழன்று, அதன் மேல் கால் வைத்த தாணுமூர்த்தி வாத்தியார் தண்ணீருக்குள் போனார், ஒரு மணி நேரம் கழித்துப் பாலமும் அவர் பின்னாலேயே போனது. போனது போனதுதான், ஒரு ஆணிகூடத் திரும்பி வரவில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் பஞ்சாயத்து சொல்லி, ஆவுடையின் தம்பி கொம்பையா, கை சுத்தமான ஃபிட்டர், துருப்பிடித்த பழைய நட்டுகளை உளி வைத்து வெட்டியெடுத்துவிட்டுப் பழைய போல்ட்டுகளிலேயே நூற்று இருபது புது நட்டு போட்டிருந்தான். ஊருக்கு அது போதும். போல்ட்டுகளையே கழற்றி விற்றுவிட்டான் என்று ஒருவர் சொன்னார். சைக்கிளில் கோணி கட்டிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன் என்று குத்தாலிங்கம் சொன்னார். கோணிக்குள் இரும்பு சத்தம் கேட்டது என்று டெய்லர் மைதீன் சொன்னார். அந்த மாதம் அவன் வீட்டில் இரண்டு வேளை மீன் மணத்தது என்று பூக்கடை வெள்ளத்தாய் சொன்னாள். பாலமே இல்லாததால் போலீஸ் எதையும் நிரூபிக்க முடியாமல் விட்டுவிட்டது, ஊர் விடவில்லை. பேசி முடித்திருந்த பெண் வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். கொம்பையா ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா வீட்டுப் பின்கட்டு அறைக்குள் போனவன் மூன்று வருஷமாகத் தெருவில் கால் வைக்கவில்லை.

ஆவுடைக்குத் தெரிந்த ஒன்று ஊருக்குத் தெரியாது. அந்த நூற்று இருபது நட்டையும் கொடுத்தவள் அவள்தான். கோயம்புத்தூரிலிருந்து மொத்தமாக வந்த மூட்டை அது, நாலு நூல் என்று சீட்டு கட்டியிருந்தது. அப்போதெல்லாம் கடையில் துவாரத்தை விரல் வைத்துப் பார்த்து நூல் சொல்வதோடு சரி, மரையை யாரும் எண்ணுவதில்லை, நாலு நூல் என்றால் நாலு நூல். “யக்கா, ரெண்டு மரை ஏறி நின்னுடுது” என்று கொம்பையா பாலத்திலிருந்து வந்து சொன்னபோது அவள் எடைத்தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “புது நட்டுன்னா அப்படித்தான்டே இருக்கும், இறுக்கிப் போடு, ஏறும்” என்று சொன்னாள். வெள்ளத்துக்கு மறுநாள் மூட்டையில் மிஞ்சிய ஒரு நட்டை எடுத்து வெளிச்சத்தில் வைத்து, ஊசி முனையால் பல் பல்லாக எண்ணி அங்குலத்துக்கு எத்தனை என்று கணக்குப் போட்டாள். பதிமூன்று. அந்த மாதமே திருநெல்வேலிக்குப் போய் மரை கேஜ் வாங்கி வந்தாள். அதற்கப்புறம் அளக்காமல் ஒரு நட்டு விற்றதில்லை, ஆவுடையைப் போல் நிதானமான ஆள் உண்டா என்று ஊரே மெச்சியது. அந்த மெச்சல் ஒவ்வொன்றுக்கும் அவள் தலையைக் குனிந்துகொண்டு கேஜைத் துடைத்தாள், நட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. தம்பியின் முகத்தை நேராகப் பார்த்துச் சோறு போட்டு மூன்று வருஷமாகிவிட்டது.

இப்போது போல்ட்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு வாரத்தில் நாற்பது பேர், இரண்டு வாரத்தில் தொண்ணூறு, மூன்றாவது வாரத்தில் மிச்சப் பேரும். எல்லாம் நாலு நூல், எல்லாம் பன்னிரண்டு மரை, எல்லாம் யாரோ ஒரு தூரத்து மச்சினன் வீட்டில் கிடந்தவை. வந்தவர் ஒவ்வொருவரும் தன் வீட்டில் மட்டும்தான் வந்திருக்கிறது என்று நம்பினார்கள், உண்மை தெரியாமல் ஊரே நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து ஆவுடைக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த போல்ட்டின் மரையைப் பார்த்ததும் அது நின்றது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள், நாணற்குறிச்சியில் ஆண்கள் எல்லோரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டே நடந்தார்கள். விருந்தாளிகளை வாசலோடு நிறுத்திக் காப்பி கொடுத்தார்கள். அடுப்படிக்குள் யாரும் யாரையும் விடவில்லை. சீர்வரிசைத் தட்டில் வெற்றிலையைத் தூக்கி அடியில் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒரு குடம் கல்லில் மோதி ணங் என்றால் போதும், இருபது பெண்களும் ஒரே சமயத்தில் தங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்கள். குத்தாலிங்கம் தன் போல்ட்டின் தலையில் இருந்த ஒன்பதைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு அரம் போட்டு ராவினார், விடிந்தால் அது முன்னைவிட ஆழமாக இருந்தது.

ஆவுடை தன் வீட்டையும் தேடினாள். பானை, பரண், மெத்தை, கல்லாப்பெட்டி, ஒன்றிலும் இல்லை. முதலில் நிம்மதியாக இருந்தது, அப்புறம் அந்த நிம்மதியின் மேலேயே சந்தேகம் வந்தது.

மூன்றாம் வாரம் வாத்தியாரின் மனைவி பிரமு வந்தாள். அவள் கையில் எதுவும் இல்லை.

“ஆவுடை, ஊர்ல எல்லார் வீட்லயும் என்னமோ வந்திருக்கு. ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவ, ஆனா நடைய பாத்தா தெரியுதுல்லா. எங்க வீட்ல ஒண்ணும் வரல.”

“எங்க வீட்லயும் வரல மதினி.”

பிரமு குரலைத் தாழ்த்தினாள். “நான் ஒம் தம்பிய ஒரு வார்த்த சொன்னதில்ல. போனவரு போயிட்டாரு, பாக்காதத பாத்தேன்னு எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன். சொன்னவுக வீட்லதான் வந்திருக்கும்போல. நீயும் ஒண்ணும் சொல்லலையா?”

“நான் ஒண்ணுமே சொல்லல மதினி” என்றாள் ஆவுடை. உண்மைதான், அவள் ஒன்றுமே சொல்லவில்லை. பிரமு போன பிறகு கடையைப் பாதியில் சாத்திவிட்டு முகத்தைக் கழுவினாள்.

யோசனை யாருக்கு முதலில் வந்தது என்று தெரியாது, ஏனென்றால் எல்லோருக்கும் தனித்தனியாக ஒரே யோசனைதான் வந்தது. கார்த்திகை பிறந்த மறுநாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு ஊர் கண் அசரும் நேரத்தில், ஆவுடை வீட்டுப் பின்கட்டுச் சுவருக்கு மேலாக ஒரு போல்ட் பறந்து வந்து முற்றத்தில் விழுந்தது. ஐந்து நிமிஷம் கழித்து இன்னொன்று. திருடியவன் வீட்டுக்கே திருட்டுச் சாமான் போய்ச் சேர்ந்தால் அது நியாயம்தானே என்று ஒவ்வொரு மனசும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. சாயங்காலம் வரைக்கும் விழுந்துகொண்டே இருந்தது, ஒவ்வொருவரும் மற்றவர் கண்ணில் படாமல் இருக்க வேறு வேறு சந்து வழியாக வந்தார்கள். குத்தாலிங்கம் மட்டும் ஒன்பது தெரியாதபடி இன்னொரு தடவை ராவிவிட்டு எறிந்தார். ஆற்றில் எறிந்தபோது திரும்பி வந்தவை இங்கே எறிந்ததும் திரும்பவில்லை. கொம்பையா அறையிலிருந்து வெளியே வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கி வைத்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஏட்டு ராயப்பன் வந்தார், அவர் பின்னால் குத்தாலிங்கமும், அவர் பின்னால் ஊரும். முற்றத்தில் அடுக்கிக் கிடந்ததைப் பார்த்து ஊர் ஒன்றாக மூச்சை இழுத்தது. அது நடிப்பில்லை. நாம் போட்டது ஒன்றுதானே, மற்றதெல்லாம் இவன் வைத்திருந்ததா என்று ஒவ்வொருவரும் நிஜமாகவே அதிர்ந்துபோனார்கள்.

“பாத்தியளா ஏட்டையா,” என்றார் குத்தாலிங்கம், “பாலத்து போல்ட்டு அத்தனையும் இங்கல்லா கிடக்கு.”

கொம்பையா சுவரில் சாய்ந்து நின்றான். மூன்று வருஷ நிழலில் அவன் தோல் வெளுத்துப் போயிருந்தது. ஏட்டு கைவிலங்கை எடுக்கவில்லை, ஆனால் இடுப்பில் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் ஆவுடை முற்றத்தில் இறங்கி அவருக்கும் தம்பிக்கும் நடுவே வந்து நின்றாள்.

“ஏட்டையா, போல்ட்டு யாருதுன்னு அதும் தலையிலயே இருக்கு. எடுத்துப் படிங்க.”

ராயப்பன் குனிந்து ஒன்றை எடுத்தார். “ஒம்போது.”

“கீழத்தெரு ஒம்போதாம் நம்பர். தலைவர் அண்ணாச்சி வீடு.”

“நாப்பத்திரண்டு.”

“மைதீன் பாய்.”

“எழுபத்தெட்டு.”

“பூக்கடை வெள்ளத்தாயி. அரிசிப் பானையில கிடந்துச்சுன்னு சொன்னாளே, மச்சினன் வீட்டு அரிசிப் பானை.”

ஏட்டு படிக்கப் படிக்க முற்றத்தில் ஒவ்வொரு தலையாகக் கவிழ்ந்தது. பக்கத்தில் நின்றவரின் எண் வந்தபோது திரும்பி முறைத்தவர்கள் அடுத்து தங்கள் எண் வந்ததும் கால் பெருவிரலைப் பார்த்தார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவுதான், தம்பி தப்பித்துவிட்டான், இனி வாய் திறக்க வேண்டிய தேவையே இல்லை என்று ஆவுடைக்குத் தோன்றியது, அப்படித் தோன்றியதில் அவளுக்கு இனிப்பாகவும் இருந்தது.

“நூத்திப் பத்தொம்போது,” என்றார் ராயப்பன் நிமிர்ந்து.

குத்தாலிங்கம் பாடம் படிக்காத மனுஷர். “பாலத்துல நூத்தியிருபது. ஒண்ணு குறையுதே! எந்த வீட்டு நம்பர் வரல?”

ஊருக்கு உயிர் வந்தது. நூற்றுப் பத்தொன்பது பேரும் ஒரே சமயத்தில் நல்லவர்களாகிவிட்டார்கள், ஏனென்றால் போல்ட்டைத் திருப்பிக் கொடுக்காத ஒரு ஆள் கிடைத்துவிட்டான். எண்ணிப் பார்த்தார்கள், விரல் விட்டார்கள், கிசுகிசுத்தார்கள். பதினேழு வரவில்லை என்று வெள்ளத்தாய் கண்டுபிடித்தாள். பதினேழு என்றால் பிரமு வீடு.

“புருஷன் செத்து அழக்கூட இல்லியே அவ,” என்றது ஒரு குரல்.

“அன்னைக்கு அவர பாலத்து வழியா போகச் சொன்னதே அவதானாம்,” என்றது இன்னொன்று, அதுவும் கண்ணால் பார்த்ததுபோல.

பிரமு கதவோரமாக நின்றிருந்தாள். அறுபத்துநாலும் வரவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை, இன்றைக்கு ஊரையே காட்டிக்கொடுத்த ஆவுடையை யார் சந்தேகப்படுவார்கள். அவள் தம்பியைப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். கொம்பையாவின் வலது கை இடுப்பு வேட்டிச் சுருட்டின் மேல் இருந்தது, நாலு வாரமாக ஊர் முழுக்க ஆண்கள் வைத்துக்கொண்டு அலைந்த அதே இடத்தில்.

“மடியில இருக்கத எடுடே கொம்பையா.”

“ஒண்ணுமில்லக்கா.”

“எடு.”

“வேண்டாம் யக்கா. எம் மேலயே இருந்துட்டுப் போகட்டும். பழகிப்போச்சு.”

அவளே போய் அவன் கையை விலக்கி எடுத்தாள். மற்றதெல்லாம் வெறும் போல்ட்டாக வந்தபோது இது மட்டும் நட்டோடு வந்திருந்தது, நட்டு நுனியில் ஏறி, அப்படியே கோணலாகக் கவ்விக்கொண்டு நின்றது. “மொத செவ்வாக்கிழம நீ எந்திரிக்கும் முன்ன, மரை கேஜ் கிடக்க இழுப்பறையில கண்டு எடுத்து ஒளிச்சு வச்சேன்” என்றான் கொம்பையா.

“ஒனக்கு எப்பலேருந்துடே தெரியும்?”

“பாலத்துல வச்சே கை சொல்லிச்சுக்கா, இது வேற மரைன்னு. நீ ஏறும்னு சொன்ன. சரின்னு இறுக்கிட்டேன்.”

ஆவுடைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் கை வேலையை விடவில்லை. முற்றத்திலிருந்து கடைக்குள் நடந்து வாசலுக்கு வந்தாள், ஊரும் பின்னாலேயே வந்தது. போல்ட்டைப் பட்டறைக்கல்லில் நிறுத்தினாள். ஆறு எடுத்தாள், ஒரு தட்டு. நாலு எடுத்தாள், ஒரு தட்டு. இருபது வருஷமாக யார் காதிலும் விழாத சத்தம் அன்றைக்கு மூன்று தெருவிலும் கேட்டது.

“போல்ட்டு பன்னிரண்டு, நட்டு பதிமூணு ஏட்டையா. நட்டு எங்க கடை நட்டு. ஏறலன்னு இவன் வந்து சொன்னான், இறுக்கிப் போடுன்னு சொன்னது நான். நூத்தியிருபதாவது வீடு இதுதான்.”

பிரமு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கையை நீட்டினாள், ஆவுடை கொடுத்தாள். பிரமு நட்டைத் திருகிப் பார்த்தாள். அது முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நகத்தை வைத்து எண்ணினாள்.

“ரெண்டு மரைதான ஏறியிருக்கு?”

“ஆமா மதினி.”

“இந்த ரெண்டு மரை மேலயா எங்க வீட்டுக்காரரு கால வச்சாரு?”

“ஆமா மதினி.”

பிரமு அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் முற்றத்தில் நூற்றுப் பத்தொன்பதும் இல்லை. ஊர் அதைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டு, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அன்றைக்கே முடிவுசெய்தது, இன்றுவரை அந்த முடிவில் நிற்கிறது. கொம்பையா தெருவில் நடக்கிறான், எதிரே வருபவர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒதுங்குகிறார்கள். ஆவுடை மீது வழக்குப் போட்டார்கள், அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஊர் மறுக்கும் ஒன்றை அவள் மட்டும் மறுப்பதில்லை. கடையில் போய் நின்று பாலத்தைப் பற்றிக் கேட்டால் உங்கள் கையில் இருக்கும் போல்ட்டை அளந்துகொண்டே நடந்ததைச் சொல்வாள், நட்டு என்னுடையது என்பதையும் சொல்வாள். நம்பாவிட்டால் பதினேழாம் நம்பர் வீட்டுக்குப் போகச் சொல்வாள், அங்கே வாத்தியார் படத்துக்குக் கீழே அது இருக்கிறது, பிரமு எடுத்து உங்கள் கையில் கொடுத்து எண்ணச் சொல்வாள்.